16 நாடுகள், 120 ஜோடிகள்: ஆர்செப் பேச்சுவார்த்தை நடந்த விதம்

ஆர்செப் (RCEP) எனப்படும் பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை, ஆசிய-பசிபிக் நாடுகளின் பெரிய வர்த்தக ஒப்பந்தம். அதன் பெயரைக் கேட்டதும் இந்தியாவில் பலருக்கும் நினைவுக்கு வருவது 2019 நவம்பர் 4. பாங்காக் உச்சிமாநாட்டில், இந்த ஒப்பந்தத்தில் சேரப்போவதில்லை என்று இந்தியா அறிவித்த நாள் அது. பால் கூட்டுறவு அமைப்புகளும் விவசாயச் சங்கங்களும் அதை வரவேற்றன. ஆசியச் சந்தையிலிருந்து ஒதுங்கிவிட்டோமே என்று வேறு சிலர் வருந்தினார்கள். இரண்டு தரப்பும் இன்றுவரை அந்த ஒரு நாளை வைத்தே வாதிடுகின்றன. ஆனால் அந்த முடிவு ஒரே நாளில் பிறந்ததல்ல. அதன் பின்னால் ஏழு ஆண்டுப் பேரம் இருக்கிறது. அந்தப் பேரம் எந்த இடத்தில் சிக்கியது என்று பார்த்தால்தான், ஒரு பிராந்தியத்து நாடுகள் சேர்ந்து தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போடுவது ஏன் இவ்வளவு இழுக்கிறது என்பது புரியும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2012 நவம்பரில் கம்போடியத் தலைநகர் நோம் பென்னில் பேச்சுவார்த்தையை அறிவித்தபோது 16 நாடுகள் இருந்தன. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் 10 நாடுகள், அவற்றுடன் சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா. இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 120 ஜோடி வரும். ஜோடிக்கு ஒரு பேரம் என்றால் மலைப்பாகத்தான் இருக்கும்.

உண்மையில் பெரும்பாலான ஜோடிகள் ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டவை. ஆசியான் நாடுகளுக்குள் அமைந்த 45 ஜோடிக்கும் வரி நீக்க ஏற்பாடு முன்பே இருந்தது. ஆசியான் நாடுகளும் வெளியிலிருந்த 6 நாடுகளும் சேர்ந்து உருவாகும் 60 ஜோடிக்கு ஐந்து தனித்தனி ஒப்பந்தங்கள் இருந்தன: சீனாவுடன் ஒன்று, ஜப்பானுடன் ஒன்று, கொரியாவுடன் ஒன்று, இந்தியாவுடன் ஒன்று, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து ஒன்று. மிச்சம் அந்த 6 நாடுகள் தங்களுக்குள் அமைக்கும் 15 ஜோடிதான். அதிலும் ஆஸ்திரேலியா–நியூசிலாந்து, சீனா–நியூசிலாந்து, இந்தியா–ஜப்பான், இந்தியா–கொரியா என நான்கு ஜோடிகள் 2012-க்கு முன்பே ஒப்பந்தம் செய்துகொண்டவை. ஆக, 120-இல் முழுமையான ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் மேசைக்கு வந்தவை வெறும் 11.

பேச்சு இழுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அந்த 11-இல் 6 ஜோடிகள் வேறு வழியில் தங்கள் கணக்கை முடித்துக்கொண்டன. கொரியா தனித்தனியாக ஆஸ்திரேலியா, சீனா, நியூசிலாந்து மூன்றுடனும் ஒப்பந்தம் போட்டது. ஆஸ்திரேலியாவும் ஜப்பானுடனும் சீனாவுடனும் முடித்துக்கொண்டது. ஜப்பானும் நியூசிலாந்தும் 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த, பல நாடுகள் சேர்ந்த பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தில் ஒன்றாக உறுப்பினர் ஆயின. எனவே 2019-இல் பாங்காக்கில் கூடியபோது மிஞ்சியிருந்தவை ஐந்தே ஜோடி: சீனா–ஜப்பான், ஜப்பான்–கொரியா, இந்தியா–சீனா, இந்தியா–ஆஸ்திரேலியா, இந்தியா–நியூசிலாந்து.

ஐந்தில் மூன்று இந்தியாவுடையவை. மற்ற பெரும்பாலான நாடுகளுக்கு ஆர்செப் என்பது ஏற்கெனவே இருந்த பல ஒப்பந்தங்களை ஒரே விதிப் புத்தகத்துக்குள் கொண்டுவரும் வேலை. இந்தியாவுக்கு அது மூன்று புதிய ஒப்பந்தங்களை ஒரே கையெழுத்தில் ஏற்கும் வேலை. அதிலும் ஒன்று சீனாவுடன். இந்தியா ஏன் மற்றவர்களைப் போல எளிதாகக் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

ஏன் ஆசியான் நடுவில்?

இவ்வளவு பெரிய பொருளாதாரங்கள் இருக்கும்போது ஆசியான் எப்படித் தலைமை இடத்தில் உட்கார்ந்தது? ஆர்செப்புக்கு முன் இரண்டு திட்டங்கள் போட்டியில் இருந்தன. ஆசியானுடன் சீனா, ஜப்பான், கொரியா மட்டும் போதும் என்பது சீனா விரும்பிய திட்டம். சீனாவின் எடையைச் சமன் செய்ய இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றையும் சேர்க்கவேண்டும் என்பது ஜப்பான் முன்வைத்த திட்டம். ஒருவர் திட்டத்தில் இன்னொருவர் சேர்வதாக இல்லை. 2011-இல் ஆசியான் தன் சொந்தச் சட்டகத்தை முன்வைத்தது. ஏற்கெனவே ஆசியானுடன் ஒப்பந்தம் உள்ள யாரும் வரலாம் என்றது. சீனாவும் ஜப்பானும் ஒருவர் தலைமையை இன்னொருவர் ஏற்பதைவிட ஆசியானை நடுவில் வைப்பது இருவருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லாத வழி. பேச்சுவார்த்தைக் குழுவின் தலைவராக இருந்தவரும் இந்தோனேசிய வர்த்தக அதிகாரி இமான் பம்பாக்யோதான்.

இதில் ஒரு விலையும் இருந்தது. ஆசியானில் பணக்காரச் சிங்கப்பூரும் உண்டு, ஏழை லாவோஸும் உண்டு. எல்லோரும் ஒத்துக்கொள்ளும் அளவில்தான் நகரமுடியும். தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், அரசு நிறுவனங்கள் ஆகியவற்றுக்குத் தனி அத்தியாயமே ஆர்செப்பில் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேசையில் என்ன நடக்கிறது?

உலக வர்த்தக அமைப்பின் அடிப்படை விதி, ஒரு நாட்டுக்குக் கொடுக்கும் வரிச் சலுகையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கொடுக்கவேண்டும் என்பது. தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இதற்கு விதிவிலக்கு. அந்த அமைப்பின் சரக்கு வர்த்தக விதிகளைக் கொண்ட காட் (GATT) ஒப்பந்தத்தின் 24-ஆவது பிரிவு ஒரு நிபந்தனையோடு அதை அனுமதிக்கிறது: உறுப்பு நாடுகளுக்கு இடையிலான வர்த்தகத்தில் கணிசமான எல்லாவற்றுக்கும் வரியை நீக்கவேண்டும். பிடித்த நாலு பொருளுக்கு மட்டும் சலுகை கொடுத்துவிட்டு இந்தப் பிரிவின் நிழலில் ஒதுங்க முடியாது. எல்லாமே பேச்சுக்கு உரியது என்பதால்தான் ஒவ்வொரு நாடும் எதை வெளியே வைப்பது என்பதற்காக உயிரைக் கொடுத்துப் போராடுகிறது.

முதல் சுற்று 2013 மே மாதம் புருனேயில் நடந்தது. 2015 முடிவுக்குள் முடிப்பதாகத் திட்டம். நடக்கவில்லை. ஒருபக்கம் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு பணிக்குழு வரைவை எழுதுகிறது. ஒத்துக்கொள்ளாத பகுதிகள் சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும்; எந்த நாடு எந்த வாசகத்தை முன்மொழிந்தது, எது எதிர்க்கிறது என்பதும் அங்கேயே குறித்திருக்கும். சுற்றுக்குச் சுற்று அடைப்புக்குறிகள் குறைகின்றனவா என்பதுதான் முன்னேற்றத்துக்கு அளவுகோல். மறுபக்கம் வரிச் சலுகைப் பட்டியல். இது இருவர் இருவராக, தனி அறையில் நடக்கும். ஒவ்வொரு பொருள் வகைக்கும் ஓர் எண் கொடுக்கும் உலகச் சுங்கப் பட்டியலில் ஆறு இலக்க அளவில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்ட தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் உடனே பூச்சியமா, பத்து ஆண்டில் பூச்சியமா, பாதிக் குறைப்பா, கைவைக்கவே கூடாதா என்று முடிவெடுக்கவேண்டும்.

இந்தியா முதலில் மூன்று அடுக்குச் சலுகைத் திட்டத்தை வைத்தது: ஆசியானுக்கு அதிகச் சலுகை, ஏற்கெனவே ஒப்பந்தமுள்ள நாடுகளுக்கு நடுத்தரம், சீனா உள்ளிட்ட புதியவர்களுக்குக் குறைவு. மற்றவர்கள் ஏற்கவில்லை. 2016-இல் அந்த அடுக்கு முறையைக் கைவிடவேண்டி வந்தது. ஆனால் நாட்டுக்கு நாடு வேறுபாடு என்ற கருத்து செத்துவிடவில்லை. இறுதி ஒப்பந்தத்தில் சீனா, ஜப்பான், கொரியா போன்றவை கூட்டாளியைப் பொறுத்து வெவ்வேறு சலுகைப் பட்டியல் வைத்திருக்கின்றன. இந்தியா கேட்டதில் விசித்திரம் ஏதுமில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

ஒரு கைபேசியும் ஒரு ஆண்டும்

எந்த ஆண்டின் வரியிலிருந்து குறைக்கத் தொடங்குவது என்பது படிப்பவர்கள் தாண்டிப் போய்விடும் சின்ன விஷயம். இந்தியாவுக்கு அதுதான் பெரிய முட்டுக்கட்டைகளில் ஒன்று. பேச்சுவார்த்தையில் அடிப்படை ஆண்டாக நின்றது 2014. இந்தியா 2019 வேண்டும் என்றது.

கைபேசியை எடுத்துக்கொள்வோம். 2014-இல் இந்தியாவில் அதற்கு அடிப்படைச் சுங்க வரி கிடையாது. உள்நாட்டில் தயாரிப்பை வளர்ப்பதற்காக 2017 ஜூலையில் 10 விழுக்காடு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் 15 ஆனது. 2018 பட்ஜெட்டில் 20 ஆனது. 2014-ஐ அடிப்படையாக வைத்தால், ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் நாளில் அந்த 20 விழுக்காடு மொத்தமாக மறைந்துவிடும். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு என்று படிப்படியாகக் குறைக்கும் கால அவகாசம் அங்கே பொருளற்றுப் போகிறது. குறைக்கத் தொடங்கும் புள்ளியே பூச்சியம். 2019 அடிப்படை என்றால் 20-இலிருந்து மெல்ல இறங்கலாம், அல்லது அந்தப் பொருளையே விலக்கிவைக்கப் பேசலாம். மற்ற நாடுகளின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பேச்சு நடக்கும்போதே வரியை ஏற்றிவிட்டு, ஏற்றிய இடத்திலிருந்து குறைப்பேன் என்று சொல்வதை ஏற்றுக்கொண்டால் எல்லோரும் அதையே செய்வார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல், தோற்ற விதிகள். ஒரு பொருள் எந்த நாட்டுடையது என்று தீர்மானிப்பவை இவை. ஆர்செப்பில் பல பொருள்களுக்கு உள்ள ஒரு வழி, மதிப்பில் குறைந்தது 40 விழுக்காடு உறுப்பு நாடுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும் என்பது. 100 டாலர் இயந்திரம் ஒன்று வியட்நாமில் தயாராகிறது. அதில் 50 டாலர் பாகங்கள் சீனாவிலிருந்து, 30 டாலர் பாகங்கள் ஜெர்மனியிலிருந்து, மிச்சம் 20 டாலர் வியட்நாமின் உழைப்பும் லாபமும். வியட்நாமும் ஜப்பானும் மட்டும் இருக்கும் ஒப்பந்தத்தில் 20 விழுக்காடுதான் கணக்கில் வரும், சலுகை கிடையாது. ஆர்செப்பில் சீனப் பாகங்களும் உள்நாட்டுப் பாகங்களாகவே சேர்வதால் கணக்கு 70-க்குப் போகிறது. சலுகை வரியில் ஜப்பானுக்குப் போகலாம். பல நாடுகளில் பாகங்களை வாங்கி ஓரிடத்தில் கோர்க்கும் தொழிற்சாலைகளுக்கு ஆர்செப்பின் உண்மையான கவர்ச்சி இதுதான். வரிக் குறைப்பைவிட இது பெரியது என்பது என் கருத்து.

இதே ஏற்பாடுதான் இந்தியாவைப் பயமுறுத்தியது. சீனாவுக்குக் குறைந்த சலுகை, ஆசியானுக்கு அதிகச் சலுகை என்று இந்தியா கணக்குப் போட்டால், சீனச் சரக்கு ஆசியான் நாடொன்றில் கொஞ்சம் வேலை முடித்துக்கொண்டு அதிகச் சலுகையில் உள்ளே வந்துவிடும். அதனால் கடுமையான தோற்ற விதியும், இறக்குமதி ஓர் அளவைத் தாண்டினால் தானாகவே பழைய வரிக்குத் திரும்பும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்று இந்தியா கேட்டது. 2018-19-இல் சீனாவுடனான இந்தியாவின் வர்த்தகப் பற்றாக்குறை 50 பில்லியன் டாலரைத் தாண்டியிருந்தது. அந்தப் பின்னணியில் இதை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது.

பால் ஏன் பெரிய விவகாரமானது?

நியூசிலாந்து தன் பால் உற்பத்தியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஏற்றுமதி செய்யும் நாடு. இந்தியா உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு; அதில் பெரும்பங்கு, ஓரிரு மாடு வைத்திருக்கும் குடும்பங்களிடமிருந்து வருகிறது. நியூசிலாந்திலிருந்து கப்பலில் பச்சைப் பால் வந்து இறங்கப்போவதில்லை. வருவது கொழுப்பு நீக்கிய பால்பவுடர், வெண்ணெய். இந்தியா பால்பவுடருக்கு 60 விழுக்காடு வரி வைத்திருந்தது. பால் அதிகம் சுரக்கும் மாதங்களில் கூட்டுறவுச் சங்கங்கள் மிச்சப் பாலைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் மாற்றிச் சேமித்து, பிறகு விற்றுத்தான் விவசாயிக்கு அந்த மாதங்களிலும் விலை கொடுக்கின்றன. பவுடர் விலை சரிந்தால் சங்கத்தின் கையிருப்பு மதிப்பு சரியும். அடுத்து சரிவது மாடு வளர்ப்பவருக்குக் கிடைக்கும் லிட்டர் விலை. இறக்குமதி அளவு சிறியதாக இருந்தாலும் போதும், விலையை அதுதான் நிர்ணயிக்கும். சங்கங்கள் தெருவுக்கு வந்ததில் ஆச்சரியம் ஏதும் இல்லை.

இந்தியாவுக்கு எதிர்த்திசையில் கிடைக்கவேண்டியது சேவைத் துறை. மென்பொருள், கணக்கு, மருத்துவத் துறைகளில் இருப்பவர்கள் மற்ற நாடுகளுக்குப் போய் வேலை செய்ய எளிய வழி வேண்டும் என்று இந்தியா கேட்டது. கிடைத்தது கொஞ்சம். இதில் பழைய காயம் ஒன்று உண்டு. ஆசியானுடனான சரக்கு ஒப்பந்தம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. சேவை ஒப்பந்தம் வந்தது 2015-இல். வரியை முதலிலேயே குறைத்துவிட்டால் பிறகு பேரம் பேசக் கையில் எதுவும் மிஞ்சாது. கேரளத்து ரப்பர், மிளகு விவசாயிகள் அந்தச் சரக்கு ஒப்பந்தத்தைப் பற்றி இன்றும் கசப்போடு பேசுகிறார்கள். 2019-இல் இந்திய அதிகாரிகள் கூடுதல் எச்சரிக்கையோடு இருந்ததற்கு இந்த அனுபவம் முக்கியக் காரணம்.

மருந்து விஷயத்தில் பொதுமக்கள் இயக்கங்கள் ஜெயித்தன என்றே சொல்லவேண்டும். ஜப்பானும் கொரியாவும் முன்மொழிந்த காப்புரிமை விதிகள் 2015 வாக்கில் கசிந்தன. மருந்துக் காப்புரிமைக் காலத்தை நீட்டிப்பதும், புதிய மருந்தின் சோதனைத் தரவுகளை மற்ற நிறுவனங்கள் பயன்படுத்த முடியாமல் பூட்டி வைப்பதும் அவற்றில் இருந்தன. மலிவு விலை மருந்துகளை நம்பியிருக்கும் நோயாளர் அமைப்புகளும், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் கடுமையாக எதிர்த்தன. இறுதி ஒப்பந்தத்தில் அவை இல்லை.

அந்த விதிகள் கசிந்ததால்தான் எதிர்க்க முடிந்தது. கசியாமல் இருந்திருந்தால்? ஏழு ஆண்டும் வரைவுகள் ரகசியமாகவே இருந்தன. இந்திய அரசியலமைப்பின்படி, சர்வதேச ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அமைச்சரவை முடிவெடுத்தால் போதும். பேரம் பேசும்போது எல்லாச் சீட்டையும் காட்ட முடியாது, சரி. ஆனால் பால்பவுடர் வரி குறையுமா என்பதைப் பால் ஊற்றும் குடும்பம் வதந்தியிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய நிலை எந்த வகையிலும் நியாயமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் முன்மொழிவு வாசகங்களைப் பேச்சின்போதே வெளியிடுகிறது; அதனால் அதன் பேரம் கெட்டுவிடவில்லை.

வெளியே வந்த பிறகு

பாங்காக்கில் மற்ற 15 நாடுகளும் 20 அத்தியாயங்களின் வாசகத்தையும் முடித்துவிட்டதாக அறிவித்தன. இந்தியாவுக்கு முக்கியமான சில பிரச்சினைகள் தீராமல் இருப்பதாகக் கூட்டறிக்கை குறிப்பிட்டது. 2020 நவம்பர் 15 அன்று, பெருந்தொற்று நடுவே, வியட்நாம் தலைமையில் காணொளி வழியாகவே கையெழுத்தானது. ஆசியானில் 6, வெளியில் 3 நாடுகள் உறுதிப்படுத்தினால் போதும் என்பது நிபந்தனை. 2022 ஜனவரி 1 அன்று 10 நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. கொரியா, மலேசியா, இந்தோனேசியா பின்னால் சேர்ந்தன. 2023 ஜூனில் பிலிப்பைன்ஸ் வந்தது.

இதில் உண்மையிலேயே புதிதாகப் பிறந்தது சீனா–ஜப்பான், ஜப்பான்–கொரியா ஜோடிகள். ஜப்பானியத் தொழிற்பொருள்களில் சீனாவில் வரியில்லாமல் நுழைபவை 8 விழுக்காடாக இருந்தன. படிப்படியாக அது 86 விழுக்காடு ஆகும் என்பது ஜப்பான் அரசின் கணக்கு. வரலாற்றுப் பகை காரணமாக நேருக்கு நேர் உட்கார்ந்து முடிக்க முடியாததை, ஆசியான் நடுவில் இருந்ததால் முடிக்க முடிந்தது.

இந்தியாவுக்கு என்ன ஆனது? வெளியே நின்றதால் சீனாவுடனான பற்றாக்குறை குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். 2024-25-இல் அது 99 பில்லியன் டாலர் வரை போனது. தொழிற்சாலைகளுக்குத் தேவையான பாகங்களும் மருந்து மூலப்பொருள்களும் வரி கட்டியும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் சேராமல் இருப்பது ஒரு பாதுகாப்பு மட்டுமே; அது தொழில் கொள்கைக்கு மாற்று ஆகாது. இந்த அளவுக்கு விமர்சகர்கள் சொல்வது சரி.

அதே நேரத்தில், பாங்காக்கில் மிஞ்சியிருந்த மூன்று ஜோடிகளில் இரண்டை இந்தியா தனியாகவே எதிர்கொண்டது. ஆஸ்திரேலியாவுடன் 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பால் பொருள்கள் அதில் இல்லை. நியூசிலாந்துடன் 2025 மார்ச்சில் மறுபடி தொடங்கிய பேச்சு அதே ஆண்டு டிசம்பரில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அங்கேயும் பால் வெளியேதான் நிற்கிறது. இருவர் மட்டும் பேசும்போது ஒரு பொருளை முழுதாக விலக்கிவைக்க முடிகிறது. 16 பேர் மேசையில் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் மற்றவர்களும் தங்கள் பட்டியலை நீட்டுவார்கள்.

ஆர்செப்பில் இந்தியாவுக்கான கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. புதிதாகச் சேர விரும்பும் நாடுகள் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து 18 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி இந்தியாவுக்குப் பொருந்தாது என்று முதலிலேயே எழுதிவைத்தார்கள். இதற்கிடையே இலங்கையும் ஹாங்காங்கும் விண்ணப்பித்துவிட்டன. ஆனால் 11 ஜோடிக் கணக்கை இன்றைக்கு மறுபடி போட்டுப் பார்த்தால், இந்தியாவின் பக்கத்தில் மிச்சம் இருப்பது ஒரே ஜோடி. ஆர்செப்பில் சேரலாமா என்று தில்லியில் யார் கேட்டாலும், அவர்கள் கேட்பது சீனாவுடன் தடையற்ற வர்த்தகம் வைத்துக்கொள்ளலாமா என்பதைத்தான். எந்தப் பொருளுக்கு, எத்தனை ஆண்டில், எந்தப் பாதுகாப்போடு என்று அந்தப் பட்டியலை வெளிப்படையாக மக்கள் முன் வைக்காமல் அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.